கடைசி சைஸ்

டிராக்டர் இருக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்குச் சட்டை துவைப்பது ஒரு தனி வேலை. என் வீட்டுக்காரரின் சட்டையில் நெஞ்சுப் பக்கம் எப்போதும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கும். இன்ஜின் மூச்சு விடுகிற குழாயிலிருந்து புகையோடு வந்து படிகிற எண்ணெய் அது. சோப்புக்கும் போகாது, சோடாவுக்கும் போகாது. நான் கல்லில் அடித்து அடித்து அந்த வண்டியைத் திட்டியிருக்கிறேன். அந்த வருஷம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை விதைக்க ஏர் ஓட்டிய சமயத்தில் படலம் திடீரென்று தடித்துவிட்டது. காலர் வரைக்கும் கறுப்பு. அந்த வீட்டில் இன்ஜினுக்கு வயசாகிவிட்டதை முதலில் தெரிந்துகொண்டவள் நான்தான். தெரிந்து என்ன பிரயோஜனம்? துவைக்கிறவள் சொல்வதை யார் கேட்பார்கள்.

வண்டியை நான் திட்டினேனே தவிர, அது ஓட வேண்டும் என்று என்னைப்போல் வேண்டிக்கொண்டவர்கள் வேறு யாரும் கிடையாது. கல்யாணமான புதிதில் அவர் ஆந்திராவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மகள் பிறந்தபோது ஊரில் இல்லை. அவள் முதன்முதலாக நைனா என்று கூப்பிட்டது போனைப் பார்த்துத்தான். அப்புறம் அவருடைய அண்ணன், அதாவது என் மூத்தார், மேல்சித்தாமூர் நயினார் ஒருவரிடம் பழைய டிராக்டர் ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு வந்து சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து வாங்கினார்கள். ஆர்.சி. புத்தகம் அண்ணன் பேரில், ஓட்டுகிற வேலை தம்பிக்கு. எனக்கு அதில் வருத்தம் இல்லை. சாயந்திரம் ஆனால் புருஷன் வீட்டுக்கு வருகிறார், மகள் மடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள், அது போதும் என்றிருந்தேன். வண்டி ஓடுகிறவரை அவர் ஊரில் இருப்பார், நின்றால் மறுபடியும் போய்விடுவார். டிராக்டர் என்றால் எனக்கு அவ்வளவுதான்.

வளத்தியிலிருந்து மெக்கானிக் வந்தார். வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றுகிற வாயின் மூடியைக் கழற்றித் திருப்பி, வாயின் மேலேயே சும்மா வைத்தார். உலை கொதிக்கும்போது தட்டு ஆடுவதுபோல மூடி தடதடவென்று ஆடிற்று. மேலே வெடிக்க வேண்டிய காற்று பிஸ்டனைத் தாண்டிக் கீழே வருகிறது என்று அதற்கு அர்த்தமாம். "இன்ஜின எறக்கணும்ணே. இனிமே எண்ணெ ஊத்தி ஊத்தி ஓட்டறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல" என்றார் மூத்தாரிடம். மூத்தார் தலையாட்டினார். யாராவது அவரைக் கலந்துகொண்டுதான் பேச வேண்டும், அது அவருக்கு முக்கியம். ஊரில் பந்தல் கால் நடுவதிலிருந்து போர்த் தண்ணீர்ச் சண்டை வரைக்கும் அவரைக் கூப்பிடாமல் நடக்காது. நல்ல மனுஷர்தான், கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் தெரியாத விஷயத்தைத் தெரியாது என்று சொல்ல அவர் வாய் ஒரு நாளும் திறந்ததில்லை.

வீட்டுக்குப் பின்னாலேயே வைத்துப் பிரித்தார்கள். இன்ஜினின் தலையைக் கழற்றினதும் மூன்று சிலிண்டர்களும் மூன்று குழிகளாகத் தெரிந்தன. மெக்கானிக் ஒரு துணியால் துடைத்துவிட்டு, "நெகத்த வெச்சிப் பாருங்க" என்றார். ஒவ்வொரு சிலிண்டரிலும் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு படி மாதிரி இருந்தது. அந்த உயரத்துக்கு மேல் பிஸ்டனின் வளையம் ஏறாது. அதனால் அதற்கு மேலே இரும்பு தேயாமல் பழையபடி இருக்கும், அதற்குக் கீழே தேய்ந்து குழிந்துபோகும். படி எவ்வளவு தடுக்குகிறதோ அவ்வளவு தேய்மானம். மூத்தார் நகத்தை வைத்துப் பார்த்தார், என் வீட்டுக்காரர் பார்த்தார், தெருவில் போனவர்கள் இரண்டு மூன்று பேர் வந்து பார்த்தார்கள். எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். அவர்கள் டீ குடிக்கப் போன பிறகு நானும் போய் நகத்தை வைத்துப் பார்த்தேன். நன்றாகவே தடுக்கிற்று. மூன்றாவது சிலிண்டரில் விரலைக் கீழே இறக்கினால் நீளமாக ஒரு கீறலும் இருந்தது. மாமியார் புறக்கடைக் கதவுக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

மூன்று சிலிண்டரும் ஒரே வார்ப்பில் இருக்கிற அந்த இரும்புக் கட்டியை பிளாக் என்பார்கள். அதையும், பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டான கிராங்க்கையும் செஞ்சிக்குக் கொண்டுபோய் அளந்து பார்த்துக் கடைய வேண்டும். விதைப்பு சமயம். வாக்குக் கொடுத்த நிலங்களுக்காக என் வீட்டுக்காரர் வேறொருவர் வண்டியை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். மூத்தாருக்கு ஒரு கல்யாணப் பஞ்சாயத்து. மெக்கானிக் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டுமே என்று என்னைப் போகச் சொன்னார்கள். மாட்டாஸ்பத்திரிக்குக் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு போகிறவள் மாதிரி நான் முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

திண்டிவனம் ரோட்டில் இருந்தது அந்தக் கடைசல் பட்டறை. பட்டறைக்காரர் வாய் ஓயாமல் பேசுகிறவர். வந்ததும் எந்த ஊர், யார் வீடு, அங்கே இன்னாரைத் தெரியுமா என்று எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் கருவியைக் கையில் எடுத்தார். கடிகாரம் மாதிரி முள் ஒன்று இருந்தது, அதற்குக் கீழே நீளமாகக் கம்பி. கம்பியைச் சிலிண்டருக்குள் விட்டு மேலே ஒரு தரம், நடுவில் ஒரு தரம், அடியில் ஒரு தரம் பார்த்தார். பிறகு கருவியைக் குறுக்கே திருப்பி மறுபடியும் அதே மாதிரி மூன்று இடத்திலும் பார்த்தார். முள் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாக ஆடிற்று.

"மேல தாம்மா ரொம்ப தேஞ்சிருக்குது. தூசு குடிச்ச இன்ஜின். வண்டிய எங்கயாவது மண்ணு, செங்கல்லுனு வுட்டீங்களா?"

விட்டிருந்தோம். கோடையில் இரண்டு மாதம் மூத்தார் தனக்கு வேண்டிய ஒருவரின் செங்கல் சூளைக்கு வண்டியைக் கொடுத்திருந்தார். ஓட்டியது சூளைக்காரரின் ஆள். என் வீட்டுக்காரர் என்றால் காற்று வடிகட்டியைத் தினமும் கழற்றிக் கழுவி வைப்பார். அந்த ஆள் அதன் மூடியைக்கூடத் திறந்திருக்க மாட்டான். நான் பட்டறைக்காரரிடம் ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

"வட்டமாவும் இல்ல பாருங்க. ஒரு பக்கம் அதிகமா தேஞ்சிருக்குது. பிஸ்டன் எறங்கும்போது ஒரு பக்கமா தள்ளும். தள்ளு வாங்கற பக்கம் தான் எப்பவும் சீக்கிரம் தேயும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இதைத் தெரிந்துகொள்ள முள் வைத்த கருவி எதற்கு, எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தால் போதுமே. அண்ணன் வாக்குக் கொடுப்பார், தம்பி வெயிலில் நிற்பார். சூளைக்கு அனுப்பியது அண்ணன், புகையைக் குடித்தது தம்பி. மத்தளத்துக்காவது இரண்டு பக்கமும் இடி. எங்கள் வீட்டில் ஒரு பக்கம்தான்.

கிராங்க்கில் பெரிய பிரச்சினை இல்லை, ஒரு சைஸ் குறைத்துச் சாணை பிடித்தால் போதும் என்றார். சிலிண்டருக்கு வந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ரெண்டு வழி இருக்குதும்மா. ஏற்கெனவே ஒரு தடவ கடைஞ்சி போர் பண்ணியிருக்காங்க. இப்ப மூணாவதுல இருக்கற கீறல் மறையணும்னா மூணையும் கடைசி சைஸுக்குக் கடையணும். அந்த சைஸு பிஸ்டன் என்கிட்டயே இருக்குது. ரெண்டு நாள்ல குடுத்துடுவேன். ஆனா அதான் கடைசி, அதுக்கு மேல கடைய இரும்பு இல்ல. இன்னொண்ணு ஸ்லீவ். நல்லா பெருசா கடைஞ்சி உள்ள புதுசா ஒரு குழா எறக்கிட்டா, பழைய சைஸுக்கே வந்துடலாம். நாளைக்குத் தேஞ்சா குழாய மட்டும் மாத்திக்கலாம். பிளாக்குக்கு ஒண்ணும் ஆவாது. செலவு கொஞ்சம் கூட. ஸ்லீவு பாண்டிச்சேரியிலருந்து வரணும், பத்து நாள் ஆயிடும்."

"உங்க வண்டியா இருந்தா எதைப் பண்ணுவீங்க?"

"ஸ்லீவ் தான். இதுல கேக்கறதுக்கு இன்னா இருக்குது."

மெக்கானிக்கும் அதையே சொன்னார். நான் மூத்தாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பத்து நாள் என்றதும் அவர் குரல் மாறிவிட்டது.

"அது எப்பிடி முடியும்? அமாவாசைக்கி சொல்லி வெச்சிட்டேனே."

இங்கே நான் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் வண்டி புதிதாக வாங்கினாலும், இன்ஜினை இறக்கி வேலை பார்த்தாலும், முதல் ஓட்டம் மேல்மலையனூருக்குத்தான். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கி, டிரெய்லரில் சொந்தபந்தத்தை ஏற்றிக்கொண்டு, அமாவாசையில் அம்மனைப் பார்த்துப் பொங்கல் வைத்துவிட்டு வந்தால்தான் வண்டி வீட்டுக்கு வந்ததாகக் கணக்கு. மூத்தார் இன்ஜினைப் பிரித்த அன்றே அத்தனை பேருக்கும் போன் பண்ணி அழைத்துவிட்டார். கெடாவும் பிடித்துக் கட்டியாயிற்று. அமாவாசை அந்த வாரக் கடைசியிலேயே வந்தது. ஆட்டைக் கட்டிய பிறகு ஸ்லீவ் வரவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

"ஸ்லீவுங்கறது ஒட்டுப் போடற வேலை. ஓட்டக் கொடத்துக்கு ஈயம் பூசற மாதிரி. நம்ம வண்டிக்கி அதெல்லாம் வாணாம். கடைசி சைஸுக்கே கடையச் சொல்லு" என்றார்.

"மாமா, அவரு கடைசின்னு சொல்றாரு. இதுக்கு மேல..."

"நீ போன அவருகிட்ட குடு."

கொடுத்தேன். அடுத்து மூத்தார் சொன்னதுதான் வினை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட வேண்டும், இரும்பு சூடானால் பெருக்கும், அதற்கு இடம் வேண்டும். எவ்வளவு என்று கம்பெனிக்காரனே சொல்லியிருக்கிறான். மூத்தார் அந்த இடத்தைக் குறைக்கச் சொன்னார்.

"டைட்டா போடு. லூஸா வுட்டுட்டு ரெண்டு வருசத்துல மறுபடியும் வரவெக்கலாம்னு பாக்காத. நல்லா டைட்டா இருந்தா தான் நாளைக்கி ஒழைக்கும்."

"டைட்டா போடலாங்க. போட்டா பொறுமையா ஓட்டணும். மொதல்ல சும்மா ஓடவுட்டு, அப்பறம் காலியா ஓட்டி, எண்ணெய மாத்திட்டு தான் லோடு கட்டணும். டிரெய்லர் பக்கமே போவக்கூடாது."

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியும்" என்று போனை வைத்துவிட்டார்.

பட்டறைக்காரர் என்னைப் பார்த்து உதட்டைச் சுழித்தார். "வண்டிக்காரரு சொல்றாரு, இன்னா பண்ணச் சொல்றீங்க" என்றார். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. தெரிந்தவன் தெரியாதவனுக்கு இடம் கொடுத்தால், தப்பு இரண்டு பேருக்கும் உண்டு. ஆனால் இவர் வேண்டாமென்றால் திருவண்ணாமலை ரோட்டில் இன்னொரு பட்டறை இருக்கிறது, அதற்குப் போய்விடுவார்கள். அவரும் பிழைக்க வேண்டுமே.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். தூசு, தள்ளு வாங்குகிற பக்கம், கடைசி சைஸ், ஸ்லீவ், இடைவெளி, லோடு கட்டக்கூடாது என்பது, எல்லாம். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். அவருக்குத் தெரியாத விஷயமா? லாரியும் டிராக்டருமாகவே வளர்ந்த ஆள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அண்ணன் சொல்லிட்டாரு" என்றார்.

"நீங்க சொல்லுங்களேன்."

"சொன்னா கேக்கற ஆளா அவரு? வுடு. பாத்துக்கலாம்."

அந்தப் 'பாத்துக்கலாம்' என்ற சொல்லை எவன் கண்டுபிடித்தானோ தெரியவில்லை. அவனைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும்.

இரண்டு நாளில் பிளாக் வந்தது. உள்ளே புதுக் கண்ணாடி மாதிரி பளபளப்பு. மெக்கானிக் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து மாட்டினார். ஸ்டார்ட் பண்ணினால் இன்ஜின் அசையவே இல்லை. புது பேட்டரி போட்டும் ஹூம் என்று ஒரு முனகல்தான். கடைசியில் இன்னொரு டிராக்டரை முன்னால் கட்டி, தெருவில் இழுத்துக்கொண்டு போய், கியரில் விட்டுத்தான் கிளப்பினார்கள். சக்கரம் சுற்றாமல் தார் ரோட்டில் தேய்த்துக்கொண்டு போயிற்று, அவ்வளவு இறுக்கம். தெருவில் நின்ற ஆம்பிளைகளுக்கு அத்தனை சந்தோஷம். "பாத்தியா, எவ்ளோ டைட்டு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மூத்தார் மீசையைத் தடவிக்கொண்டார். எங்கள் ஊரில் புதிதாக வேலை பார்த்த இன்ஜின் தானாகக் கிளம்பினால் மதிப்பில்லை, இழுத்துக் கிளப்பினால்தான் பெருமை. இந்தப் பெருமைக்கு எத்தனை இன்ஜின்கள் காவு போயிருக்குமோ, அந்த அம்மனுக்கே வெளிச்சம்.

மறுநாள் அமாவாசை. கொஞ்ச நேரம் ஓடவிட்டதோடு இன்ஜினைப் பழக்கியாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். மத்தியானம் டிரெய்லரைக் கட்டினார்கள். பெரியவர்கள், குழந்தைகள், அண்டா, விறகு, அரிசி மூட்டை, மாலை போட்ட கெடா. ஒரு டிரெய்லருக்கு எவ்வளவு அடங்குமோ அதற்கு மேலேயே ஏறினார்கள். மூத்தாரின் மனைவி, என் ஓரகத்தி, என்னைப் பார்த்து, "இன்னா, மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருக்கற?" என்றாள். "லோடு கட்டக்கூடாதுன்னு பட்டறைல சொன்னாங்கக்கா" என்றேன். "நீ இன்னா மெக்கானிக்கா?" என்று கேட்டுச் சிரித்தாள். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் ஏறி உட்கார்ந்தேன். மகள் ஏற்கெனவே கெடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறு என்ன செய்வது.

வளத்தி வரைக்கும் நன்றாகத்தான் போயிற்று. என் வீட்டுக்காரர் மெதுவாகத்தான் ஓட்டினார். மூத்தார் பக்கத்தில் மட்கார்டு மேல் உட்கார்ந்திருந்தார். ஸ்பெஷல் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக எங்களைத் தாண்டிப் போயின. ஒவ்வொரு பஸ் தாண்டும்போதும் அவருக்குப் பொறுக்கவில்லை. "இழுடா. மாட்டு வண்டியா ஓட்டற?" என்றார்.

"சூடாவுதுண்ணா. முள்ளு மேல ஏறுது."

"புது இன்ஜின் அப்பிடித் தான் இருக்கும். லோடுல இழுத்தா தான் செட்டாவும்."

ஏரிக்கரை ஏற்றம் வந்தது. என் வீட்டுக்காரர் நிறுத்தலாம் என்று காலைத் தூக்கியதை நான் டிரெய்லரிலிருந்து பார்த்தேன். மூத்தார் அவர் தோளில் தட்டி இழு என்றார். கால் மறுபடியும் ஆக்சிலேட்டருக்குப் போயிற்று. இன்ஜின் சத்தம் கனத்தது. எண்ணெய் தீய்கிற நாற்றம் வந்தது. பாதி ஏற்றத்தில் உள்ளே யாரோ சம்மட்டியால் அடித்ததுபோல ஒரு அடி, அப்புறம் இன்னொன்று. வண்டி அப்படியே நின்றுவிட்டது. பிளாக்கின் பக்கவாட்டில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. சூட்டில் பெருத்த பிஸ்டன் உள்ளேயே பிடித்துக்கொள்ள, அதைத் தாங்குகிற ராடு உடைந்து இரும்புச் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. கறுப்பு எண்ணெய் ரோட்டில் சரிவாக ஓடிற்று.

மூத்தார் ஓட்டையைப் பார்த்தார், அப்புறம் பார்க்காத மாதிரி வேட்டியை மடித்துக் கட்டினார். முதலில் பேசியது மாமியார். டிரெய்லரிலிருந்து இறங்கி, சேலையை உதறிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"அன்னிக்கி உம் பொண்டாட்டி இன்ஜின் உள்ள கைய வுட்டுப் பாத்தாளே, தலைக்கு ஊத்தியிருந்தாளான்னு கேளு. அம்மாவுக்கு நேந்துக்கின வண்டி. தூரத்தோட தொட்டா ஓடுமா?"

நான் அன்றைக்கு வீட்டுக்குத் தூரமில்லை. இருந்திருந்தால்தான் என்ன, இரும்புக்கு அது தெரியவா போகிறது? ஆனால் அத்தனை பேருக்கு நடுவில் நின்று எனக்கு எந்தத் தேதி என்று நான் எப்படிச் சொல்வேன். மூத்தாரைப் பார்த்தேன். அவர் ரோட்டில் வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். டைட்டாகப் போடச் சொன்னது யார், இழுக்கச் சொன்னது யார் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அம்மா கொடுத்த வழியில் நழுவிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் குனிந்து ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. 'அவ அன்னிக்கே சொன்னாம்மா' என்று ஒரு வார்த்தை, அந்த ஒரு வார்த்தைதான் நான் கேட்டது. வரவில்லை.

ஸ்பெஷல் பஸ்ஸை நிறுத்தி எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். கும்பிடப் போனவர்கள் திரும்பக் கூடாதாம். அண்டாவும் விறகும் கெடாவும் ஒரு லோடு ஆட்டோவில் போயின. மகளையும் ஓரகத்தி அழைத்துக்கொண்டு போய்விட்டாள். நானும் அவரும் ஏரிக்கரையில் அந்த வண்டியோடு நின்றோம். அவர் மண்ணை அள்ளி எண்ணெய்மேல் போட்டுக்கொண்டிருந்தார், பின்னால் வருகிற பைக்குகள் வழுக்கிவிடக் கூடாதே என்று. ஊரான் வழுக்கி விழக் கூடாது என்று இருக்கிற அக்கறையில் கால்வாசி என்மேல் இருந்திருந்தால் போதும் என்று நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

பிளாக்கைத் திரும்பவும் செஞ்சிக்குக் கொண்டுபோனார்கள். இந்த முறை என்னைப் போகச் சொல்லவில்லை. ஓட்டையை அடைத்துத் தைக்கலாம், ஆனால் நிற்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று பட்டறைக்காரர் சொன்னாராம். ஸ்லீவ் போட்டிருந்தாலும் இந்த இறுக்கத்துக்கும் இந்த லோடுக்கும் பிஸ்டன் சிக்கியிருக்கும், ஆனால் ஸ்லீவ் வந்து சேருகிற நாளுக்குள் அமாவாசை போயிருக்கும், டிரெய்லரைக் கட்டியிருக்க மாட்டீர்கள் என்றும் சொன்னாராம். இதை மெக்கானிக் வந்து என்னிடம் சொன்னார். என்னிடம் ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. வேறு யாரும் கேட்கத் தயாராக இல்லையோ என்னவோ.

ஆர்.சி. மூத்தார் பேரில் இருந்தது. அவரே விற்றார். சக்கரம் ஒருவருக்கு, கியர்பாக்ஸ் ஒருவருக்கு என்று பிரிந்து போயிற்று. பிளாக் மட்டும் காயலான் கடைக்காரன் தூக்க வராமல் கொஞ்ச நாள் மாட்டுக் கொட்டகை ஓரமாகக் கிடந்தது. அடுத்த மாதமே என் வீட்டுக்காரர் நெல் அறுக்கிற வண்டிக்கு டிரைவராகப் போய்விட்டார். முதலாளி வேறு ஜில்லா. அறுப்பு எங்கே இருக்கிறதோ அங்கே வண்டி போகும், தஞ்சாவூர், ஆந்திரா, கர்நாடகா என்று. அறுப்பு இல்லாத நாளில் ஊருக்கு வருவார். மகள் மறுபடியும் போனைப் பார்த்து நைனா என்று பேசப் பழகிக்கொண்டாள். இந்த ஒன்று நடக்கக் கூடாது என்றுதான் நான் குட்டியானையில் ஏறிப் போனேன்.

மூத்தார் அப்படியேதான் இருக்கிறார். இப்போது கூட்டு ரோடு டீக்கடையில் யாராவது இன்ஜின் இறக்கப்போவதாகச் சொன்னால் அவர் சொல்கிற புத்திமதி தனி ரகம். "டைட்டா போடாத. எப்பவும் ஸ்லீவ் போடு. புதுசுல லோடு கட்டாத. நான் அனுபவப்பட்டவன் சொல்றேன், கேட்டுக்கோ" என்கிறாராம். நானே ஒரு தரம் காதாரக் கேட்டேன், காய் வாங்கப் போனபோது. அன்றைக்குப் பட்டறையிலிருந்து போனில் நாங்கள் அவருக்குச் சொன்ன அதே விஷயங்கள். ஊருக்கு உபதேசம் பண்ண அவருக்கு ஒரு இன்ஜின் தேவைப்பட்டிருக்கிறது.

இதெல்லாம் பழகிப்போயிற்று என்றுதான் இருந்தேன். போன வருஷம் மகள் வயசுக்கு வந்தாள். படிக்கப் போய்வர அவளுக்குப் பழைய ஸ்கூட்டி ஒன்று என் வீட்டுக்காரர் வாங்கி அனுப்பினார். ஒரு நாள் காலையில் அவள் சாவியை எடுக்கப் போனால், மாமியார் சாவியைப் பிடுங்கி ஆணியில் மாட்டினார். "மூணு நாளைக்கி அதத் தொடாத. உங்க அம்மா தொட்ட இன்ஜின் இன்னா ஆச்சுன்னு தெரியுமா உனக்கு?" என்றார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நிஜமா அம்மா என்று கேட்கிற பார்வை. அவள் கெடாவோடு அந்த டிரெய்லரில் உட்கார்ந்திருந்தவள். அவளுக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் ஏரிக்கரையில்கூட வரவில்லை. சாவியை எடுத்து மகள் கையில் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று போய்விட்டாள்.

அதற்கடுத்து என் வீட்டுக்காரர் ஊருக்கு வந்தபோது நான் எதையும் சொல்லவில்லை. அவர் சட்டைகளைத் துவைத்தேன். நெஞ்சில் எண்ணெய் இல்லை, காலரில் கறுப்பு இல்லை. நெல் சுணைதான், கையெல்லாம் அரித்தது. திரும்பிப் போகிற அன்று செஞ்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அவர் எதிரே நின்ற ஒரு டிராக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் திடீரென்று சொன்னார்.

"அன்னிக்கி நீ சொன்னது தான் சரி. ஸ்லீவ் போட்டிருக்கணும். லோடும் கட்டியிருக்கக் கூடாது. எனக்கு அப்பவே தெரியும்."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இத்தனை வருஷம் நான் இந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன். வந்தபோது சந்தோஷமாக இல்லை.

"இத ஏன் என்கிட்ட சொல்றீங்க? எனக்குத் தான் தெரியுமே. வூட்டுக்குப் போன் பண்ணி உங்க அம்மாகிட்ட சொல்லுங்க. பொண்ணு பக்கத்துல இருக்கும்போது சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க."

ஸ்கூட்டிச் சாவி விஷயத்தையும் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவருடைய பஸ் வந்து நின்றது.

"அடுத்த தடவ வரும்போது நேர்ல சொல்லிக்கறேன். பாத்துக்கலாம்" என்று போனைப் பையில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார்.

ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்து கையை ஆட்டினார். நான் ஆட்டவில்லை.